மீட்டர் போர்டு பழுதானால் சரிசெய்வதா, மாற்றுவதா? குமரி மாவட்டத்துப் பழைய கார்களை முன்வைத்து ஓர் ஒப்பீடு

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் குறைசொல்ல இடமில்லாமல் இருக்க, மீட்டர் போர்டு மட்டும் மக்கர் செய்யத் தொடங்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. ஸ்பீடோமீட்டர் முள் எழும்பாமல் கிடக்கும். டேங்க் நிறைந்திருக்கும்போதே ஃபியூல் முள் பாதியில் நிற்கும். கிலோமீட்டர் காட்டும் சிறு திரையில் எண்கள் அரைகுறையாகத் தெரியும். ஒருநாள் மொத்த போர்டும் இருண்டுபோய், கார் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஒளிரும். இந்த நிலையில் உரிமையாளருக்கு நான்கு வழிகள் உள்ளன. உள்ளூரிலேயே போர்டைத் திறந்து சரிசெய்யலாம். இந்த வேலையையே தொழிலாகக் கொண்ட வெளியூர்க் கடைக்கு அனுப்பலாம். வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய கிளஸ்டரை (மீட்டர் போர்டுக்கு இன்னொரு பெயர்) வாங்கிப் பொருத்தலாம். கம்பெனி டீலரிடம் புதியதற்கு ஆர்டர் கொடுக்கலாம்.

கைப்பேசியில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே ஓட்டுவதை ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்வதுண்டு. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வேகமானி இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி. அதைவிட முக்கியமானது, ஆயில் அழுத்த விளக்கும் வெப்பமானி முள்ளும் இருப்பது அதே போர்டில்தான். போர்டு இருண்டிருக்கும்போது ரேடியேட்டர் தண்ணீர் வடிந்தால், எஞ்சின் சூடேறியது ஹெட் கேஸ்கெட் போன பிறகே தெரியவரும்.

கேபிள் சுழன்று முள்ளை நகர்த்திய பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் வகை மீட்டர்களுக்கு இக்கட்டுரை பொருந்தாது. அவற்றைக் கேபிள் மாற்றியோ எண்ணெய் விட்டோ யாரும் சரிசெய்துவிடுவார்கள். சென்சார், சர்க்யூட் போர்டு, மெமரி ஐசி என்று மீட்டர் முழுவதும் மின்னணுவாக மாறிவிட்ட கார்களைப் பற்றியே இங்குப் பேசுகிறேன். அவற்றைப் பொறுத்தவரை என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடலாம்: காரோடு வந்த போர்டை இயன்றவரை கைவிடக் கூடாது, பழைய கிளஸ்டர் வாங்கினாலும் அதை உதிரிக்காக வாங்க வேண்டுமே தவிர, அப்படியே மாட்டுவதற்காக அல்ல.

பழுது போர்டில்தானா?

ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் வண்டியை நிறுத்தியதும், "மீட்டர் போயிட்டு அண்ணே, வேற போர்டு போட்டாத்தான் சரியாவும்" என்ற தீர்ப்பு பல சமயம் மல்டிமீட்டரை எடுக்கும் முன்பே வந்துவிடுகிறது. நான்கு வழிகளில் எது நல்லது என்ற கேள்விக்கு முன்பாக, அந்தத் தீர்ப்பு உண்மையா என்று பார்த்தாக வேண்டும். கிளஸ்டர் தானாக எதையும் அளப்பதில்லை. கியர்பாக்ஸில் உள்ள வேக சென்சாரும், டேங்கில் உள்ள மிதவையும், எஞ்சினில் உள்ள வெப்ப சென்சாரும் சொல்வதை வாங்கிக் காட்டுவது மட்டுமே அதன் வேலை.

ஒரே ஒரு முள் மட்டும் தவறினால் சந்தேகம் முதலில் அதற்குரிய சென்சார் மீதும், பிறகு அந்த முள்ளை நகர்த்தும் மோட்டார் மீதும் விழ வேண்டும். எல்லா முள்களும் ஒருசேர விழுந்தால் ஃபியூஸ், மின்வரத்து, எர்த் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். காலையில் ஒழுங்காக இருந்துவிட்டு, வெயிலில் நின்ற பிறகு மட்டும் தகராறு செய்தால், அது பெரும்பாலும் போர்டிலுள்ள சால்டர் இணைப்பின் கோளாறு. எர்த்தைச் சோதிக்கப் போர்டைத் திறக்கத் தேவையில்லை: இக்னிஷனைப் போட்டு, கிளஸ்டர் கப்ளரின் (வயர்கள் போர்டில் செருகும் இணைப்பானின்) எர்த் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே வோல்ட் அளந்தால், 0.2க்கு மேல் காட்டும் காரில் கோளாறு வயரிங்கில் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் புதிய கிளஸ்டரையே மாட்டினாலும் அதுவும் அதே வழியில் போகும்.

ஸ்கேனர் உள்ள கடையாக இருந்தால் இன்னும் எளிது. இந்தியாவில் விற்ற கார்களுக்கு ஓபிடி (கார் தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து சொல்லும் அமைப்பு) முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் வந்தன. அதற்குப் பிந்தைய கார்களில் ஸ்கேனரை மாட்டி, ஒருவர் ஓட்ட மற்றவர் லைவ் டேட்டாவைப் பார்த்தால் போதும். திரையில் வேகம் 40, 45 என்று சரியாக ஏறிக்கொண்டிருக்க, முள் மட்டும் சுழியத்தில் கிடந்தால், சென்சார் குற்றமற்றது. பழுது கிளஸ்டரிலோ அதற்கு வரும் வயரிலோதான். கேன் தொடரில் (காரின் மின்னணுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்த் தொடர்) இயங்கும் கார்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஓபிடி சாக்கெட்டின் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். தொடரின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருப்பதே காரணம். சில கார்களில் அவற்றில் ஒன்று கிளஸ்டருக்குள்ளேயே இருக்கும். அத்தகைய காரில் கிளஸ்டரைக் கழற்றிவிட்டு அளந்து, 120 வருகிறதே என்று பதற வேண்டியதில்லை.

குமரி மாவட்டத்தில் மீட்டர் கோளாறுக்குச் சில தனிக் காரணங்களும் உண்டு. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நிற்கும் கார்களில் உப்புக் காற்று எர்த் போல்ட்டுகளையும் கப்ளர் பின்களையும் அரிக்கிறது. பின்னில் பச்சை பூத்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் கதை வேறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது, மரத்தடியில் நிற்கும் காரின் வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இலை அடைந்து, தண்ணீர் வடியும் துளை மூடிக்கொள்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் துலாமழையும் (வடகிழக்குப் பருவமழை) என இரண்டு பருவமும் பெய்கிற ஊரில், அந்தத் தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் கசிந்து கப்ளருக்குள் இறங்க நீண்ட காலம் ஆவதில்லை. இலையை அள்ளிவிட்டு, கப்ளரைக் கழற்றிக் காண்டாக்ட் கிளீனர் அடித்து உலர்த்தினாலே சரியாகிவிடும் கார்கள் உண்டு.

மூன்றாவது காரணம், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வீட்டு போர்ட்டிகோவில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார்கள். லீவில் வந்து இறங்கிய மறுநாள் பேட்டரி சுத்தமாக இறங்கியிருக்கும். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வார்கள். ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கமும் இன்னும் போகவில்லை. டைனமோ இருந்த காலத்து வண்டியில் இதனால் பெரிய சேதம் இல்லாதிருக்கலாம். ஆல்டர்னேட்டர் உள்ள காரில் அந்த ஒரு நொடியில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுக்குத் தாவும். கிளஸ்டரின் ரெகுலேட்டர் ஐசியோ பாதுகாப்பு டையோடோ அத்தோடு முடிந்துவிடக்கூடும்.

போர்டுக்குள் கெடுபவை

வெளியே எல்லாம் சரி, பழுது கிளஸ்டரில்தான் என்று உறுதியான பிறகு, உள்ளே எந்த வகைப் பழுது என்பதைப் பொறுத்தே எந்த வழி என்பது அமைகிறது. அதிகம் காணப்படுவது சால்டர் விரிசல். கப்ளர் வந்து செருகும் பின்கள் போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும் இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், நல்ல இணைப்பு பின்னைச் சுற்றிச் சரிந்து பளபளக்கும். கெட்ட இணைப்பில் பின்னைச் சுற்றி முடி கனத்தில் ஒரு கறுத்த வளையம் தெரியும். ஆண்டுக்கணக்கான அதிர்வும், வெயிலில் சூடேறி இரவில் ஆறும் சுழற்சியும் ஈயத்தைப் பின்னிலிருந்து பிரித்துவிட்டதன் அடையாளம் அது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, 63/37 கலவை ஈயத்தால் மறுபடி பற்றவைத்தால் வேலை முடிந்தது. பொருளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம், கைப்பக்குவத்துக்குத்தான் கூலி.

அடுத்தது முள்ளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார். 2000க்குப் பிந்தைய பல கார்களில், விரல்நுனி அளவே உள்ள சிறு பிளாஸ்டிக் மோட்டார்கள் இந்த வேலையைச் செய்கின்றன. பரவலாகக் கிடைக்கும் எக்ஸ்27.168 என்ற வகையில் இரண்டு காயில்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 280 ஓம் காட்டும். ஒன்று திறந்துகிடந்தாலோ, உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருந்தாலோ முள் விட்டுவிட்டுத் தாவும், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஏறாது, அல்லது கீழ்த் தடுப்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும். மோட்டார் சில நூறு ரூபாய்தான். வேலை கடினமும் அல்ல. முள்ளைப் பிடுங்குவதிலும் திருப்பி வைப்பதிலும்தான் சூட்சுமம். முள்ளை நேராக மேலே தூக்காமல் ஒரு பக்கம் நெம்பினால் மோட்டாரின் அச்சு வளைந்துவிடும், முகப்புத் தாளிலும் கீறல் விழும். அதற்கு முந்தைய காலத்து ஏர்கோர் வகை (காயில்களின் காந்தப்புலத்தால் முள் திரும்பும்) மீட்டர்களில், அதிர்வைத் தணிக்க ஊற்றிய சிலிக்கான் எண்ணெய் வறண்டு முள் நடுங்குவதுண்டு.

திரைக் கோளாறு இவ்விரண்டையும்விடப் பொறுமையைக் கேட்பது. எல்சிடி கண்ணாடியைப் போர்டோடு இணைப்பது சில வகைகளில் வெப்பத்தால் ஒட்டிய மெல்லிய ரிப்பன். வேறு சிலவற்றில் ஜீப்ரா ஸ்ட்ரிப் எனப்படும் ரப்பர் பட்டை. ஜீப்ரா ஸ்ட்ரிப் வகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து இறுக்கி மாட்டினாலே எண்கள் திரும்பிவிடும். ரிப்பன் வகையில் பசை விட்டுப்போனால், அளவான சூட்டில் அளவான அழுத்தம் கொடுத்து ஒட்ட வேண்டும், அல்லது புது ரிப்பன் போட வேண்டும். பழைய மெர்சிடிஸ் டபிள்யூ210, பிஎம்டபிள்யூ இ39 கார்களின் திரையில் கோடு கோடாக எண்கள் மறைவதற்கு உலகெங்கும் அறியப்பட்ட காரணம் இந்த ரிப்பன்தான். வெயிலில் நின்று திரையே கறுத்துப்போனால், அதன் மேலுள்ள போலரைசர் படலத்தை மட்டும் உரித்து மாற்றலாம். கெப்பாசிட்டர் கசிவு, பின்விளக்கு பல்பு போன்றவற்றைத் தனியே விவரிக்கத் தேவையில்லை. எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் முடியும் வேலை.

கடைசி வகை, மெமரி. 93சி46, 24சி16 போன்ற எட்டுக்கால் ஐசி ஒன்றில் ஓடோமீட்டர் எண்ணிக்கையும், சில கார்களில் சாவி தொடர்பான இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத பூட்டு) தகவலும் சேமிக்கப்பட்டிருக்கும். இந்த ஐசியோ, அதைப் படிக்கும் பிராசசரோ கெட்டால்தான் பழுது உண்மையில் பெரியது. நல்வேளையாக, மற்றவற்றை ஒப்பிட இது அரிது.

உள்ளூரிலா, வெளியூர்க் கடையிலா?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வயரிங் வேலையும் போர்டு வேலையும் ஒன்றல்ல. ஹெட்லைட் வயரைப் பற்றவைக்கும் கனத்த சால்டரிங் அயர்னைக் கொண்டு கிளஸ்டர் போர்டைத் தொட்டால், ஈயத்தோடு சேர்ந்து செப்புத் தடமும் பெயர்ந்து வரும். என் அனுபவத்தில் நல்ல பலன் தந்த ஏற்பாடு இரண்டு பேரிடம் வேலையைப் பகிர்வது: கிளஸ்டரைக் கழற்றவும் திருப்பி மாட்டவும் ஆட்டோ எலக்ட்ரீஷியன், போர்டைத் தொடுவதற்குக் கைப்பேசியோ லேப்டாப்போ பழுது பார்க்கும் கடைக்காரர். மைக்ரோஸ்கோப்பும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அயர்னும் அவர்களின் மேசையில் எப்போதும் இருக்கும். கைப்பேசி போர்டின் நுண்ணிய இணைப்புகளில் பழகிய கைக்கு, கிளஸ்டரின் பின்கள் பெரிய வேலையே அல்ல. கார் மீட்டர் என்றதும் சிலர் தயங்குவார்கள். எந்தப் பின்னில் சந்தேகம் என்று குறித்துக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

உள்ளூர் வழியின் பெரிய நன்மை, வண்டி முடங்கிக் கிடக்கும் நேரம் குறைவு என்பதும், வேலை முடிந்த உடனே காரில் மாட்டிப் பார்த்துவிடலாம் என்பதும்தான். அதன் எல்லை எங்கே தொடங்குகிறது என்றால், மெமரியைப் படித்து எழுதும் கருவியும், கேன் சிக்னலைப் போலியாக அனுப்பிக் கிளஸ்டரை மேசையிலேயே இயக்கிப் பார்க்கும் அமைப்பும் தேவைப்படும் இடத்தில். அவை பெரிய நகரங்களில் இதையே தொழிலாகச் செய்பவர்களிடம் இருக்கும். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பகுதியினருக்குத் திருநெல்வேலியைவிடத் திருவனந்தபுரம் கிட்ட. அங்கே நேரில் கொண்டுபோய்க் காட்ட முடிந்தால், கூரியரில் அனுப்புவதைவிட அதுவே மேல். நேரில் போவதால் காரையே கொண்டுபோகலாம். கிளஸ்டர் காரோடு சேர்ந்து வேலை செய்கிறதா என்பதை அங்கேயே உறுதிசெய்துகொண்டு திரும்பலாம்.

கூரியரில் அனுப்புவதானால் ஒன்றை மறக்கக் கூடாது: கிளஸ்டர் இல்லாமல் காரை ஓட்டலாம் என்று எண்ண வேண்டாம். பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டருக்கான தொடக்க மின்சாரம், மீட்டர் போர்டிலுள்ள பேட்டரி விளக்கின் வழியாகவே செல்கிறது. போர்டைக் கழற்றிய காரை ஓட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமல் பேட்டரி வழியிலேயே இறங்கிவிடும். இம்மொபிலைசர் கிளஸ்டரில் உள்ள காராக இருந்தால் ஸ்டார்ட்டே ஆகாது, அல்லது ஆகி ஓரிரு நொடியில் அணையும். எனவே போர்டு திரும்பி வரும்வரை வேறு வண்டிக்கு ஏற்பாடு இருப்பவருக்கே இந்த வழி ஒத்துவரும். தினமும் காரை நம்பித் தொழில் நடத்துபவர், சால்டர் விரிசல் அளவிலான பழுதை வெளியூருக்கு அனுப்புவது வீண்.

வெளியூர்க் கடையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கூலி பற்றியது அல்ல. வேலையைத் தொடங்கும் முன் மெமரியைப் படித்து நகலெடுத்து வைப்பீர்களா என்பதே அது. "அதெல்லாம் தேவையில்லை" என்று பதில் வந்தால், போர்டை அங்கே கொடுக்காமல் இருப்பது நல்லது. நகல் கையில் இருந்தால், வேலையின்போது ஐசி கெட்டாலும் புது ஐசியில் அதே தகவலை எழுதிவிடலாம். இல்லையென்றால் சில கார்களில் புதுச் சாவி வரை செலவு நீளும்.

பழைய கிளஸ்டர், புதிய கிளஸ்டர்

சென்னைப் புதுப்பேட்டையைப் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளிலும், இணையத்திலும் கழற்றிய கிளஸ்டர்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கப்ளர் பொருந்துகிறது, விலையும் மலிவு, மாட்டினால் ஒளிர்கிறது என்ற மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குபவர்களே அதிகம். ஆனால் அதே மாடலிலேயே பெட்ரோல் காருக்கும் டீசல் காருக்கும் ஆர்பிஎம் மீட்டரின் அளவுகோல் வேறு. டேங்க் மிதவையின் மின்தடைக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம். ஏபிஎஸ், ஏர்பேக் இல்லாத மாடலின் கிளஸ்டரில் அந்த விளக்குகளே இராது. ஏர்பேக் உள்ள காரில் அந்த விளக்கு இல்லாத கிளஸ்டரை மாட்டினால், ஏர்பேக் கெட்டிருந்தாலும் காரில் போகிறவர்களுக்கு அது தெரியவராது. வாங்கத்தான் வேண்டும் என்றால், போர்டின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், பழைய கிளஸ்டர் தன்னோடு வேறொரு காரின் கிலோமீட்டரையும் கொண்டுவருகிறது என்பது. 1,40,000 ஓடிய காரில் 62,000 காட்டும் போர்டை மாட்டிவிட்டு, உரிமையாளர் யாரையும் ஏமாற்ற நினைக்காவிட்டாலும், அந்தக் காரை வாங்குபவர் ஏமாறுகிறார். தெரிந்தே எண்ணைக் குறைத்து விற்பது ஏமாற்றுதல். பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்குரிய பிரிவு 318. கேரளப் பதிவு எண்ணோடு எல்லை தாண்டி வரும் பழைய கார்களை வாங்குவோர் இங்கே நிறைய உண்டு என்பதால், இந்த இடத்தில் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: மீட்டர் மாற்றிய காரை விற்பவர், பழைய எண் என்ன, எந்தத் தேதியில் மாற்றியது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாங்குபவர் சர்வீஸ் பில்லில் உள்ள கிலோமீட்டரோடு அதை ஒப்பிட வேண்டும். சில உற்பத்தியாளர்கள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். சில பிஎம்டபிள்யூ கிளஸ்டர்களில் உள்ள எம்35080 என்ற மெமரி ஐசியில், ஓடோமீட்டருக்கான பகுதியை மேலே ஏற்ற முடியுமே தவிர, கீழே இறக்க முடியாது.

ஆகவே பழைய கிளஸ்டரை உதிரிக்காக வாங்குவதே தக்கது. அதன் மோட்டார்களையோ, திரையையோ, பல்பு ஹோல்டரையோ எடுத்து உங்கள் போர்டில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் போர்டின் செப்புத் தடமே எரிந்துபோயிருந்தால், உங்கள் மெமரி ஐசியைக் கழற்றிப் பழைய போர்டில் பற்றவைக்கலாம்; பார்ட் நம்பர் ஒத்திருந்தால் பல கார்களில் கிலோமீட்டரும் சாவியும் அப்படியே வந்துவிடும். பிராசசருக்குள்ளேயே தகவலை வைத்திருக்கும் போர்டுகளில் இது கைகூடாது. அங்கே படித்து எழுதும் கருவி வேண்டும்.

புதிய கிளஸ்டர் எல்லா வகையிலும் சுத்தமான வழி, கிடைத்தால். பார்ட் நம்பரைச் சொல்லி டீலரிடம் விலையும் கால அளவும் கேட்டுவிட்டு, காரின் இன்றைய சந்தை விலையோடு அதை வைத்துப் பார்த்தால் பலரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். பதினைந்து வயதை எட்டும் காருக்குப் பதிவுப் புதுப்பிப்பும் சேர்ந்து வருகிறது. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. நாகர்கோவிலின் டிஎன் 74 ஆனாலும் மார்த்தாண்டத்தின் டிஎன் 75 ஆனாலும் வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். அந்தத் தேதி நெருங்கியிருந்தால், பல வாரம் இழுக்கக்கூடிய ஆர்டரைவிட உள்ளூர் வேலையே நடைமுறைக்கு உகந்தது.

எந்தக் காருக்கு எது?

மாருதி, ஹூண்டாய் போன்று எங்கும் ஓடும் கார்களுக்கு உள்ளூர்ப் போர்டு வேலையை முதலில் முயல்வதுதான் சரி. அது பலிக்காவிட்டால் உதிரிக்குப் பழைய கிளஸ்டர் எளிதில் கிடைக்கும். விற்பனை அதிகம் இருந்த மாடல்களுக்கு டீலரிடம் புதியதும் கிடைக்கக்கூடும் என்பதால், விலை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

ஷெவர்லே, ஃபோர்டு உரிமையாளர்களின் நிலை வேறு. ஷெவர்லே 2017 இறுதியோடு இந்திய விற்பனையை நிறுத்தியது; ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடர்ந்தாலும், ஓடும் வண்டிகள் குறையக் குறைய உதிரிகளும் அருகும். இத்தகைய காரை வைத்திருப்பவர், தம் கிளஸ்டர் நன்றாக ஓடும்போதே, பார்ட் நம்பர் ஒத்த பழைய கிளஸ்டர் ஒன்று மலிவாகக் கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்வது வீண் செலவல்ல. சொந்தப் போர்டைக் கடைசிவரை காப்பாற்றுவதைத் தவிர இவர்களுக்கு நீண்டகால வழி இல்லை.

ஸ்கோடா ஆக்டேவியா, ஃபேபியா போன்ற ஃபோக்ஸ்வாகன் குடும்பக் கார்களில் இம்மொபிலைசர் கிளஸ்டரோடு பிணைந்திருக்கிறது. வேறு கிளஸ்டரை மாட்டினால் சாவியைக் கார் அடையாளம் காணாது. இவற்றில் சால்டர், மோட்டார் வேலையை உள்ளூரில் செய்யலாம். ஆனால் அதற்கு முன் மெமரியின் நகலை எடுத்து வைத்துவிட வேண்டும், அது உள்ளூரில் முடியாவிட்டால் போர்டைத் திறக்காமலே அனுப்ப வேண்டும். உயர்ரக ஜெர்மன் கார்களின் ரிப்பன் வேலைக்கு வெளியூர்க் கடை தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அயர்னை வைத்து வீட்டில் அழுத்திப் பார்ப்பவர்கள் கண்ணாடித் திரையையே விரிசலாக்குவதுண்டு.

கழற்றும் முன்பும் மாட்டிய பின்பும்

கழற்றும் முன் இக்னிஷனைப் போட்டு, ஓடோமீட்டர் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். திரை தெரியாத காரில் ஸ்கேனர் சொல்லும் எண்ணையோ கடைசி சர்வீஸ் பில்லையோ பத்திரப்படுத்த வேண்டும். இக்னிஷனை அணைத்து, முள்கள் நிற்கும் இடத்தை இன்னொரு படத்தில் பிடித்து வைத்தால், திருப்பி வைக்கும்போது உதவும். ஸ்டியரிங்கைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைக் கழற்ற வேண்டிய கார்களில், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் பொறுத்த பிறகே கை வைக்க வேண்டும். ஏர்பேக் வயர் அங்கேதான் ஓடுகிறது. அனுப்புவதானால் கிளஸ்டரை முதலில் நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, முகப்புக் கண்ணாடியின் மேல் அட்டை வைத்து, முள்களில் எதுவும் அழுந்தாதபடி கட்ட வேண்டும். கோளாறு எப்போது வருகிறது, குழியிலா, வெயிலிலா, ஹெட்லைட் போடும்போதா என்பதை ஒரு தாளில் எழுதி உள்ளே வைப்பது கடைக்காரரின் வேலையைப் பாதியாக்கும்.

மாட்டிய பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டால் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருமுறை எரிய வேண்டும்; எஞ்சின் ஓடியதும் ஆயில், பேட்டரி, ஏர்பேக் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாத விளக்கும் கோளாறுதான். டேங்கில் அளந்து பெட்ரோல் ஊற்றி ஃபியூல் முள்ளைப் பார்க்கலாம். வேகத்தைச் சோதிக்கக் காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரி வரும் நான்குவழிச் சாலை வசதியானது. பக்கத்தில் இருப்பவர் ஜிபிஎஸ் வேகத்தைப் படிக்க, ஓட்டுபவர் ஒரே வேகத்தில் காரை வைத்திருக்க வேண்டும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதும், கூடுதலாகக் காட்டினால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன் மேல் 4 கிலோமீட்டரும் தாண்டக் கூடாது என்பதும் ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன ஒழுங்குமுறை சொல்லும் அளவு. அதன்படி ஜிபிஎஸ் 60 காட்டும்போது முள் 60க்கும் 70க்கும் இடையில் நிற்கலாம். 60க்குக் கீழே நின்றால் முள்ளைக் கழற்றிச் சரியான இடத்தில் திரும்ப வைக்கச் சொல்ல வேண்டும். கூலியைக் கொடுத்து முடிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.